டாக்டர் துரை சொன்னதும் நான் தப்படித்துச் சொன்னதும்

பதுளை, 1917ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 14ந் தேதி. லுணுகலைக்கு மேலே கருங்காட்டுத் தோட்டத்துத் தொழிலாளி மாரிசாமியின் மரணம் பற்றிய விசாரணையில், நான்காம் சாட்சி சத்தியம் செய்துகொண்டு தமிழில் சொல்ல, சொன்னபடி எழுதப்பட்டது.

என் பெயர் அழகர். தகப்பனார் காலஞ்சென்ற சடையன். வயது ஐம்பத்திரண்டு. கருங்காட்டுத் தோட்டம், ஆற்றோர லயத்து வரிசை வீடுகளில் ஏழாம் காம்பராவில் குடியிருக்கிறேன். மலையில் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிறேன். தோட்டத்தில் எந்தச் செய்தியானாலும் லயம் லயமாகத் தப்படித்துச் சொல்பவனும் நானே. ஒரு முறை நான் ஓங்கி அடித்ததில் நமுனுகுல மலை ஓரடி பின்னால் நகர்ந்தது. இதை எழுத வேண்டாம் என்று கோர்ட்டார் முதலில் சொன்னார். பிறகு, சாட்சி எப்படிப்பட்டவன் என்று தெரிவதற்காக இருக்கட்டும் என்றார். இறந்துபோன மாரிசாமி என் தங்கை பெரியாயியின் புருஷன்.

டாக்டர் கில்மோர் துரையை இருபத்தாறு வருஷமாக அறிவேன். முதலில் அவர் தோட்டத்து டாக்டராக வந்தார். ஏழு தோட்டத்துக்கு அவர் ஒருவர், அவருக்கு ஒரு குதிரை. மழைக்காலத்தில் அவர் சப்பாத்தைக் கழற்றிக் கவிழ்த்தால் ஒரு மரைக்கால் அட்டை கொட்டும். அவருடைய தேசம் அயர்லாந்து. தகப்பனார் அங்கே ஜமீன்தார். இங்கிலீஷ்காரர்கள் அவரை ஐரிஷ்காரர் என்பார்களாம், ஐரிஷ்காரர்கள் இங்கிலீஷ்காரர் என்பார்களாம். என் முதுகில் ராஜபிளவையை அறுத்த அன்று, நான் கத்தாமல் இருப்பதற்காக இதைச் சொன்னார். “ஒனக்குத் தெரியாதா அழகர், இங்க ஒன்ன இந்தியாக்காரன்னு சொல்றாங்க, ஊருக்குப் போனா கண்டிக்காரன்னு சொல்றாங்க. நம்ம ரெண்டு பேரும் ஒரே சாதி” என்றார். அதற்குள் அறுத்து முடித்துவிட்டார்.

ஆறு வருஷத்துக்கு முன் அவர் தோட்டத்து வேலையை விட்டுவிட்டு அரசாங்கத்தின் சுகாதார அதிகாரி ஆனார். ஏன் துரை என்று கேட்டேன். மருந்து கொடுத்துக் கை ஓய்ந்துபோயிற்று, இனி நோய் பிறக்கிற இடத்தில் போய் நிற்கப்போகிறேன் என்றார். அந்த இடம் எங்கள் லயத்துக்குப் பின்னால், நாங்கள் காலையில் ஒதுங்குகிற தேயிலைத் தூர்தான். அதன் பிறகு லயத்துக்கு லயம் கக்கூஸ் கட்டும்படி தோட்டத் துரைமாருக்குக் கடிதம் எழுதினார். அதற்கு முன் பங்களாவில் அவருக்கு விருந்து வைத்த எங்கள் தோட்டத் துரை, அதன் பிறகு அவரை உட்காரச் சொல்லி நான் பார்த்ததில்லை.

இந்த வருஷம் எங்கள் தோட்டத்தில் பாதிப்பேர் சோகை பிடித்து வெளுத்துப்போனார்கள். மண்ணிலிருந்து பாதம் வழியாக ஏறி வயிற்றில் ரத்தம் குடிக்கிற பூச்சி அது என்று டாக்டர் துரை சொன்னார். கண்ணாடிக் குழாய் வழியாக எனக்கும் காட்டினார். நூல்முனை அளவுதான் இருந்தது. எனக்கு அவமானமாகப் போய்விட்டது. இத்தனூண்டு பூச்சிக்காக நான் தப்படித்தால் எவன் காது கொடுப்பான்?

ஜூலை 28ந் தேதி சனிக்கிழமை பிற்பகல் என்னை மருந்துச்சாலைக்குக் கூப்பிட்டு மூன்று காரியம் சொன்னார். நாளைக் காலை வெறும் வயிற்றோடு, ஆள் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்களத்துக்கு வரவேண்டும். மருந்தை இரண்டு தடவை விழுங்க வேண்டும். மூன்றாவதை விரல் நீட்டிச் சொன்னார்: “பொழுது சாயிற வரைக்கும் எண்ணெ தொடக்கூடாது, சாராயம் தொடக்கூடாது. தொட்டா மருந்து ரத்தத்துல ஏறி ஆளு செத்துப்போகும். இதெ அப்படியே சொல்லு.”

நான் அப்படியே சொல்லவில்லை. முதல் இரண்டையும் சொல்லிவிட்டு மூன்றாவதைச் சொல்லும்போது, ஒரு சொட்டு எண்ணெய் நாக்கில் பட்டால் வயிற்றுப் பூச்சி மலைப்பாம்பாகி, லயத்துக் கூரையைப் பிய்த்துக்கொண்டு லுணுகலைக் கடைத்தெருவுக்குப் போய்க் கருவாடு கேட்கும் என்று சொன்னேன். ஐந்து லயத்திலும் இப்படியே சொன்னேன். ஜனங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மாரிசாமி, “மச்சான், அது கருவாடு வாங்கிட்டு வந்தா எனக்கும் ரெண்டு துண்டு வைக்கச் சொல்லு” என்றான். பெரியாயி, “போண்ணே, ஒனக்கு வேற பொழப்பு இல்ல” என்று உள்ளே போய்விட்டாள். நான் திரும்பி வந்ததும் டாக்டர் துரை, அங்கே என்ன சிரிப்பு என்று கேட்டார். மருந்து வந்த சந்தோஷத்தில் சிரிக்கிறார்கள் துரை என்று சொன்னேன். அவர் நம்பி, ரொம்ப நல்லது என்றார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு நூற்றுப் பன்னிரண்டு பேர் வந்தார்கள். டாக்டர் துரை ஒவ்வொருவர் வாயையும் திறந்து பார்த்துத் தம் கையால் மருந்து கொடுத்தார். எட்டு மணிக்கு இரண்டாம் தடவை கொடுத்தபின் எல்லாரும் லயத்துக்குப் போனார்கள். பத்து மணி இருக்கும், பெரியாயி தலைவிரிகோலமாகப் பெரட்டுக்களத்துக்கு ஓடிவந்து, “அண்ணே, மச்சானக் கூப்ட்டா கண்ணு முழிக்க மாட்டேங்கிறாரு” என்றாள். டாக்டர் துரைக்கு ஐம்பத்தெட்டு வயது. மேட்டில் ஓடினார். இரண்டு தடவை விழுந்தார்.

காம்பராவில் மாரிசாமி பாயில் கிடந்தான். கை கால் சில்லிட்டிருந்தது. டாக்டர் துரை குனிந்து அவன் வாயை முகர்ந்தார். அதன் பிறகு அடுப்பைப் பார்த்தார். அடுப்போரத்தில் ஒரு கிண்ணமும் கரண்டியும் இருந்தன. என்னம்மா கொடுத்தாய் என்று கேட்டார்.

“வயித்தெரிச்சல்னாருங்க. பூச்சி சீக்கிரம் எறங்கட்டும்னு ரெண்டு கரண்டி வெளக்கெண்ணெதாங்க குடுத்தேன். வேற ஒண்ணும் குடுக்கலீங்க” என்றாள் பெரியாயி.

கோர்ட்டார் கேட்டதற்கு: ஆமாம், வயிற்றில் பூச்சி என்றால் எங்கள் ஆட்கள் விளக்கெண்ணெய் கொடுப்பதுதான் வழக்கம். பிள்ளை பிறந்த நாள் முதல் அதுதான் மருந்து. கொடுக்காதவளைத்தான் ஊர் ஏசும்.

டாக்டர் துரை என்னைத் திரும்பிப் பார்த்தார். அதன் பிறகு சுடுகல்லைத் துணியில் சுற்றிக் காலில் வைத்தார். கடுங்கோப்பியைச் சொட்டுச் சொட்டாக ஊற்றினார், அது உள்ளே இறங்கவில்லை. பிறகு மூச்சு வருவதற்காக மாரிசாமியின் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கித் தூக்கி நெஞ்சில் அமுக்கிக்கொண்டே இருந்தார். மூன்று மணி நேரம் செய்தார். நான் மாற்றிச் செய்கிறேன் என்றதற்கு வேண்டாம் என்றார். ஒன்றேகால் மணிக்கு நிறுத்தினார். ஜனங்கள் உள்ளே வருமுன் கிண்ணத்தையும் கரண்டியையும் எடுத்துத் தம் மருந்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். பெரியாயியிடம், “ஒன்மேல ஒரு பிழையும் இல்ல. மருந்து அவருக்கு ஒத்துக்கல” என்றார். அவள் இரண்டு கையாலும் அவர் நெஞ்சில் அடித்து, “எம்புருசனக் கொன்னுட்டியே, பாவி துரை” என்று கத்தினாள். அடித்து ஓயும்வரை அவர் நகரவில்லை.

அதன் பிறகு மருந்து சாப்பிட்ட எல்லாரையும் பெரட்டுக்களத்துக்கு வரவழைத்து, பொழுது சாயும்வரை யாரும் லயத்துக்குப் போகக்கூடாது என்று உட்கார வைத்தார். காரணம் சொல்லவில்லை. எங்களை வேலை வாங்குகிற பெரிய கங்காணி தம் சாட்சியில் இதைத்தான், குற்றத்தை மறைக்க ஆட்களை அடைத்து வைத்தார் என்று சொன்னார். அங்கே உட்கார்ந்த நூற்றுப் பதினொரு பேரும் இன்றைக்கு உயிரோடு இருக்கிறார்கள்.

முன்னதாக, லயத்திலிருந்து பெரட்டுக்களத்துக்கு இறங்கும் பாதையில் டாக்டர் துரை என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: “எண்ணெய பத்தி அவகிட்ட யாரும் பேச வேண்டாம், அழகர். அவ இன்னும் ரொம்ப நாளு வாழணும்.” என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குச் சோறு இறங்கியிருக்கும்.

போன வெள்ளிக்கிழமை பெரிய கங்காணி என்னைக் கூப்பிட்டு, “டேய் அழகரு, தப்பே அடிக்கலன்னு ஒரு வார்த்தை சொல்லு. மருந்து ரெண்டு மடங்கு போட்டான்னு நான் சொல்லிக்கிறேன். அவன் தொலைஞ்சா கக்கூசும் தொலைஞ்சுது. தோட்டத் தொரைக்கும் அதான் இஷ்டம். இல்லேன்னா பத்துச்சீட்டு எழுதித் தோட்டத்த விட்டுத் தொரத்திருவாரு” என்றார். வாயை மூடிக்கொண்டிருக்கலாம் என்றுதான் நினைத்தேன். நான் பேசினால் தன் கையால் புருஷனைக் கொன்றோம் என்று என் தங்கைக்குத் தெரிந்துபோகும். பேசாவிட்டால் டாக்டர் துரை ஜெயிலுக்குப் போவார். இன்னும் மருந்து சாப்பிடாத இருநூறு பேர் வெளுத்துப்போய்க் கிடக்கிறார்கள், அவர்களுக்கு ஒருவரும் வரமாட்டார்கள்.

இன்று காலை இதே கூண்டில் டாக்டர் துரை, மருந்து என்னுடையது, பொறுப்பும் என்னுடையது என்று சொல்லி இறங்கிவிட்டார். எண்ணெயைப் பற்றி வாய் திறக்கவில்லை. அதைக் கேட்டபின் எனக்கு வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை.

கோர்ட்டார் கேட்டதற்கு: இது நான் கட்டிய கதை அல்ல. கிண்ணமும் கரண்டியும் டாக்டர் துரையின் பையில் இன்னும் இருக்கும், பார்த்துக்கொள்ளலாம். அவர் எச்சரிக்கை செய்தார். அதை வேடிக்கையாக்கியவன் நான். வழக்கப்படி எண்ணெய் கொடுத்த என் தங்கைமேல் குற்றம் இல்லை. தண்டனை உண்டென்றால் எனக்கு எழுத வேண்டும்.

கோர்ட்டாரை ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டேன். பெரியாயி வெளி விறாந்தையில் உட்கார்ந்திருக்கிறாள். இந்த வாக்குமூலத்தை எனக்கு வாசித்துக் காட்டும்போது கதவைச் சாத்திவிட வேண்டும். அவள் இதை ஒரு குமாஸ்தாவின் குரலில் கேட்க வேண்டாம். நானே போய்ச் சொல்லுகிறேன்.

கதவு சாத்தப்பட்டது. மேற்கண்ட முழுவதும் தாழ்ந்த குரலில் எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டப்பட்டது. நான் சொன்னபடியே இருக்கிறது, நடந்தபடியே சொன்னேன் என்று ஒப்புக்கொண்டு, கையெழுத்துத் தெரியாததால் இடது பெருவிரல் ரேகை வைத்தேன்.

அழகர், அவருடைய ரேகை.