மூன்றரை மணி பம்ப்

விடியற்காலை மூன்றரை மணி. குறிஞ்சிப்பாடி ரோட்டிலிருந்து முந்திரித் தோப்புக்குள் பிரிந்து போகும் ஒரு செம்மண் பாதை. அதன் கடைசியில் ஒரே ஒரு வீடு. வாசலில் ஒரு பழைய லாரி. சுற்றிலும் ஆள் இல்லை, நாய்கூட இல்லை... லாரியின் இடது பக்கத்திலிருந்து மட்டும் ஒரு சத்தம். சக்... சக்... சக்... யாரோ டீசல் பம்ப்பைக் கையால் அழுத்துகிற சத்தம்.

அதனால்தான் சற்று முன்னால் அந்தப் பச்சை லாரிக்காரரைச் சத்தம் போட்டேன். கேபினில் ஆளே இல்லாமல் இருட்டில் நின்று பம்ப்பை அழுத்திக்கொண்டிருந்தார். எனக்கு அந்தச் சத்தம் ஆகாது. வேறு கோபம் ஒன்றும் இல்லை. சாம்பல் லோடுக்கு டோக்கன் கொடுக்க இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது. எல்லோரும் இப்படி வெளிச்சத்துக்கு வந்து உட்காருங்கள். டீ ஆறினாலும் பரவாயில்லை. புதிதாக வந்தவர்களுக்குச் சொல்கிறேன், நான் யூசுப். மந்தாரக்குப்பம் ரோட்டில் டீசல் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கிறேன். வாய்க்கு வந்ததைத் திட்டுவேன், ஆனால் பொய் சொல்ல மாட்டேன்.

இது என் சிநேகிதன் ஜெரால்டின் அக்கா வீட்டில் நடந்தது. ஜெரால்டு மைன்ஸில் பெர்மனென்ட், டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் இருக்கிறான். அக்கா பெயர் சகாயமேரி. அக்கா புருஷன் அலெக்சாண்டர்தான் அந்த லாரிக்கு ஓனர், டிரைவர், கிளீனர் எல்லாம். பிள்ளை கிடையாது. தெர்மல் பவர் ஹவுஸில் சாம்பல் ஏற்றிக் கொண்டுபோய்ச் செங்கல் போடுகிற இடங்களில் இறக்குவார். அதில்தான் இரண்டு பேரும் சாப்பிட்டார்கள்.

அந்த வண்டிக்கு ஒரு வியாதி. ராத்திரி நிறுத்தினால் காலையில் ஸ்டார்ட் ஆகாது. செல்ஃப் சுற்றும், இன்ஜின் பிடிக்காது. ஆளாளுக்கு ஒரு வைத்தியம் பார்த்தார்கள். ஒருத்தன் பேட்டரியை மாற்றினான். ஒருத்தன் செல்ஃப் மோட்டாரை மாற்றினான். இன்னொரு புத்திசாலி நாசில், ஃபில்டர் எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுப் புதுசு மாட்டினான். வயிற்று வலிக்குக் காலில் கட்டுப் போட்ட கதைதான். டாங்கியிலிருந்து வருகிற பைப்பில் எங்கேயோ காற்று ஏறுகிறது, ராத்திரியெல்லாம் டீசல் இறங்கி டாங்கிக்கே திரும்பிப் போகிறது. விஷயம் அவ்வளவுதான். ஒருத்தனும் குனிந்து பார்க்கவில்லை.

காற்று ஏறினால் என்ன செய்வோம்? டீசல் பம்ப்பின் மேல் ஒரு குமிழ் இருக்கிறது. அதை அழுத்தி அழுத்தி டீசலை மேலே இழுக்க வேண்டும். டீசல் வந்துவிட்டால் குமிழ் இறுகும். அப்போது செல்ஃப் அடித்தால் பிடித்துக்கொள்ளும். ஆனால் அந்த வண்டியில் இது ஒற்றை ஆளால் ஆகாது. அழுத்திவிட்டு ஓடி வந்து ஏறிச் சாவி போடுவதற்குள் டீசல் இறங்கிவிடும். ஒருத்தர் கீழே அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும், ஒருத்தர் மேலே செல்ஃப் அடிக்க வேண்டும்.

கீழே நின்றது மேரி அக்கா. பதினோரு வருஷம். தினமும் மூன்றரை மணிக்கு எழுந்து, தலையில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு, பானெட்டைத் தூக்கிவிட்டு அழுத்துவார். சும்மா அழுத்துவதில்லை. வாய்க்குள் ‘அருள் நிறைந்த மரியே’ சொல்லிக்கொண்டே அழுத்துவார். ஒரு ஜெபத்துக்கு ஒன்பது அழுத்து. அப்புறம் ஒரு மூச்சு. ஐந்து ஜெபம் முடியும்போது குமிழ் இறுகிவிடும், பானெட்டைத் தட்டுவார், அலெக்சாண்டர் சாவியைத் திருப்புவார். என் ஜெபமாலையில் பாதி உங்கள் லாரிக்குத்தான் போகிறது, மாதா என்னைக் கேட்டால் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும் என்று புருஷனைக் கிண்டல் செய்வாராம். எனக்கு அந்த ஜெபம் தெரியாது. ஆனால் அது எவ்வளவு நீளம் என்று மட்டும் இன்றைக்கும் தெரியும்.

அக்காவுக்கு இழுப்பு உண்டு. குளிர் காலத்தில் மூச்சு விசில் அடிக்கும். நெஞ்சில் தைலம் தேய்த்துக்கொண்டு வந்து நிற்பார். அப்படியும் வந்து நிற்பார்.

தானே புயல் அடித்ததே, இரண்டாயிரத்துப் பதினொன்று டிசம்பர் கடைசியில்... அதன் மூன்றாம் நாள். கரண்டு இல்லை. டவர் இல்லை, போன் செத்துக் கிடந்தது. வீட்டுச் சுவரெல்லாம் ஈரம். ராத்திரி அக்காவுக்கு இழுப்பு வந்துவிட்டது. வாயில் அடித்துக்கொள்ளும் மருந்து தீர்ந்துபோயிருந்தது. அக்கம்பக்கம் கூப்பிட ஆள் கிடையாது. ஆஸ்பத்திரிக்குப் போக இருந்தது அந்த லாரி ஒன்றுதான்.

அலெக்சாண்டர் அக்காவைத் தூக்கிக் கேபினில் உட்கார வைத்தார். கீழே குதித்து அழுத்தினார். ஏறிச் செல்ஃப் அடித்தார். பிடிக்கவில்லை. மறுபடி குதித்தார், மறுபடி ஏறினார். நாலாவது தடவை செல்ஃப் இழுத்து இழுத்துச் சுற்றியது, பேட்டரி இறங்குகிறது. அப்போது இடது பக்கக் கதவு திறந்தது. அக்கா இறங்கினார். தன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தானே பம்ப்பை அழுத்தினார். இவர் தடுக்கவில்லை. தடுத்தால் வண்டி ஸ்டார்ட் ஆகாது, என்ன செய்வார்? மேலே உட்கார்ந்துகொண்டு, “இன்னும் ரெண்டு அழுத்து மேரி... புடிச்சிடும்” என்றாராம்.

பிடித்தது. இறங்கிச் சுற்றி ஓடி வந்து பார்த்தால், அக்கா முன் டயரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவ்வளவுதான்... ரோட்டில் இரண்டு இடத்தில் மரம் விழுந்து கிடந்தது. அதையெல்லாம் சுற்றிக்கொண்டு அவர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது வெறும் உடம்பைத்தான்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து, அவர் மறுபடி லோடுக்குக் கிளம்பினார். ஒற்றை ஆளாக எப்படி ஸ்டார்ட் செய்வது என்று யோசித்துக்கொண்டே ஏறி, சும்மா சாவியைத் திருப்பிப் பார்த்தார். ஒரே செல்ஃபில் பிடித்துக்கொண்டது. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் சாவியைத் திருப்பாமல் கேபினில் உட்கார்ந்திருந்தார். கீழே, இடது பக்கத்தில்... சக்... சக்... ஒன்பது அழுத்து. ஒரு மூச்சு. மறுபடி ஒன்பது. ஜன்னல் வழியாகத் தைல வாசனை வந்தது.

பயப்படவில்லையாம். ஒருத்தரிடமும் சொல்லவும் இல்லை. அதற்கப்புறம்தான் அவருக்குச் சோறே இறங்கியது என்று பின்னால் என்னிடம் சொன்னார். மூன்றரை மணிக்காகவே ராத்திரி சீக்கிரம் படுப்பாராம்.

ஏழு மாதம் இப்படிப் போனது. ஆகஸ்டில் கிளட்ச் வேலைக்கு வண்டி என் ஷெட்டுக்கு வந்தது. ஜெரால்டு சொல்லி அக்கா இறந்த கதை மட்டும் எனக்குத் தெரியும், இந்தக் கதை தெரியாது. வண்டிக்கு அடியில் படுத்து வேலை செய்தபோது எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. டாங்கிக்குள் லேசாகக் காற்று அடித்துவிட்டுப் பைப்பைத் தடவிக்கொண்டே வந்தேன். சேஸிஸில் பைப்பைப் பிடித்திருக்கும் கிளாம்புக்கு அடியில், தலைமுடி மாதிரி ஒரு விரிசல். அதில் டீசல் வியர்த்தது. இதற்குத்தான் ஒரு உயிர் போயிருக்கிறது. யாரையும் கேட்காமல் பைப்பையே மாற்றிவிட்டேன். காசும் வாங்கவில்லை. நல்ல காரியம் செய்தோம் என்று அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன்.

பத்து நாள் கழித்து அலெக்சாண்டர் வந்தார். ஷேவ் செய்யவில்லை, கண் உள்ளே போயிருந்தது. வண்டி ஸ்டார்ட் ஆகவில்லையா என்று கேட்டேன்.

“ஆவுது பாய். ஒரே செல்ஃபுல ஆவுது.”

“அப்புறம் என்னாண்ணே?”

“அவ வர்றதில்ல.”

உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். சொல்லிவிட்டுப் பழைய பைப்பைக் கேட்டார். செத்த பிறகும் பொம்பளைக்கு வேலை வைக்கிறீர்களே, நியாயமா என்று நான் கேட்டிருக்க வேண்டும். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு கேட்க முடியவில்லை. கழற்றும்போது பைப் முறுக்கிவிட்டது, விரிசல் பெரிதாகிவிட்டது, காற்று முன்னைவிட அதிகமாக ஏறும் என்று மட்டும் சொன்னேன்.

“அத அவ பாத்துக்குவா” என்றார்.

குப்பையில் கிடந்த பைப்பை நான்தான் தேடி எடுத்துக் கொடுத்தேன். வீட்டுக்குக் கொண்டுபோய் அவரே மாட்டிக்கொண்டார். அது என் தப்பு. அதை இன்னமும் சுமந்துகொண்டிருக்கிறேன்.

மறுநாள் விடியற்காலை நான்கு மணிக்கு என் போன் அடித்தது. அலெக்சாண்டர். அழுதுகொண்டிருந்தார். அவர் குரலுக்குப் பின்னால் அந்தச் சத்தம். சக்... சக்... சக்... “நிறுத்த மாட்றா பாய்” என்றார்.

புதுப் பைப்பையும் ஸ்பானரையும் எடுத்துக்கொண்டு பைக்கில் போனேன். செம்மண் பாதையில் திரும்பி, இன்ஜினை அணைத்தேன். அப்போதே கேட்டது. அழுத்துகிற சத்தம்... நடுவில் மூச்சு. உடைந்த புல்லாங்குழலை ஊதுகிற மாதிரி, மேலே போகாத மூச்சு. ஒன்பது அழுத்து என்று அலெக்சாண்டர் சொன்ன கணக்கெல்லாம் போய்விட்டது. மூன்று அழுத்து, ஒரு இழுப்பு. இரண்டு அழுத்து, ஒரு இழுப்பு.

அலெக்சாண்டர் தரையில் மண்டியிட்டுக் கிடந்தார். மூன்றரையிலிருந்து இப்படித்தானாம். குமிழ் இறுகவே இல்லை, எப்படி இறுகும், அவ்வளவு காற்று ஏறுகிறது. செல்ஃப் அடித்துப் பார்த்தார், பிடிக்கவில்லை. போதும் விடு என்று கெஞ்சிப் பார்த்தார். கேட்கவில்லை. எனக்கு அப்போதுதான் புரிந்தது. மேரி அக்காவுக்கு அந்தப் புயல் ராத்திரி முடியவே இல்லை. வண்டி ஸ்டார்ட் ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று இன்னமும் அழுத்திக்கொண்டிருக்கிறார். இவரோ தினமும் அதில் ஏறிச் சாம்பல் லோடுக்குப் போயிருக்கிறார்.

டார்ச்சை அடித்தேன். பானெட் தூக்கியிருந்தது. ஆள் இல்லை. குமிழ் மட்டும் கீழே போகிறது, மேலே வருகிறது, கீழே போகிறது. தைலமும் டீசலும் கலந்த வாசனை மூக்கில் ஏறியது. பைப்பின் முனை அந்தக் குமிழுக்கு ஒரு சாண் பக்கத்தில் மாட்டியிருக்கிறது. அங்கேதான் கையை விட வேண்டும். என்ன செய்வதென்று தெரியாமல், ஷெட்டில் கூட வேலை செய்கிற ஆளிடம் பேசுவது மாதிரிப் பேசிவிட்டேன்.

“அக்கா... ஒரு நிமிசம் கைய எடுத்துக்குங்க. பைப்ப மாத்திடறேன்.”

குமிழ் நின்றது.

மூச்சு மட்டும் என் காதுக்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டே இருந்தது. பிஸ்மில்லாஹ் சொல்லிக் கையை விட்டேன். பழைய பைப்பைக் கழற்றினேன். வண்டிக்கு அடியில் படுத்து டாங்கிப் பக்க முனையை முடித்துவிட்டு வந்து, இந்த முனையில் புது வாஷர் போட்டு முறுக்கினேன். பத்து நிமிஷம் ஆகியிருக்கும். அத்தனை நேரமும் அந்த மூச்சு அங்கேயே காத்துக்கொண்டு நின்றது. வேலை முடிந்ததும் தள்ளி நின்று, “ஆச்சுக்கா, அழுத்துங்க” என்றேன்.

பத்து அழுத்து இருக்கும். குமிழ் இறுகி நின்றுவிட்டது.

அலெக்சாண்டரை எழுப்பிக் கேபினில் ஏற்றினேன். ஒரே செல்ஃப், பிடித்துக்கொண்டது. அவர் சட்டென்று கியர் போடவில்லை. நகர்ந்து வந்து இடது பக்கக் கதவை உள்ளிருந்து திறந்தார். “ஏறு மேரி, ஆஸ்பத்திரிக்குப் போலாம்” என்றார். கொஞ்ச நேரம் காத்திருந்தார். அப்புறம் கதவை மெதுவாகச் சாத்திவிட்டு வண்டியை எடுத்தார். நான் பைக்கில் பின்னாலேயே போனேன். ரோடு சுத்தமாக இருந்தது, எங்கேயும் தடை இல்லை. அவர் ஓட்டிய ஓட்டத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை.

டவுன்ஷிப் பெரிய ஆஸ்பத்திரி வாசலுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது லாரி நின்றிருந்தது. அலெக்சாண்டர் ஸ்டியரிங்கில் தலையை வைத்துப் படுத்திருந்தார். கேட்டில் இருந்த வாட்ச்மேன், வெள்ளைச்சாமி என்று ஒருத்தர், எங்களுக்கு முன்பின் தெரியாதவர், லாரிப் பக்கம் வந்து கேபினைத் தட்டினார். “வண்டிய ஓரமா போடுங்க. அந்தம்மாதான் உள்ள போயிட்டாங்களே, நீங்க போயி சீட்டுப் போடுங்க” என்றார்.

அலெக்சாண்டர் தலையைத் தூக்கினார். எந்த அம்மா, எப்படி இருந்தாள் என்றெல்லாம் அவர் கேட்கவில்லை.

“மூச்சு வாங்குச்சா?” என்றார்.

“இல்லியே. நல்லாத்தான் நடந்து போனாங்க. கையி பூரா டீசலு. கொழாய காட்டுனேன், கழுவிகினு போனாங்க.”

கேட்டை ஒட்டி ஒரு குழாய். சரியாக மூடாமல் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கீழே சிமெண்ட்டில் தேங்கிய தண்ணீரில் டீசல் நீலமும் சிவப்புமாகப் படர்ந்திருந்தது. நான் குனிந்து பார்த்தேன். முகர்ந்தும் பார்த்தேன்.

உள்ளே போய்ப் பார்க்கலாமா என்று கேட்டோம். பார்வை நேரம் சாயங்காலம் நான்கு மணிக்குத்தான் என்றார் வாட்ச்மேன். அலெக்சாண்டர் லாரியை ஓரம் கட்டிவிட்டு, வெளியே வேப்ப மரத்தடி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். அன்றைக்கு லோடுக்குப் போகவில்லை. ஒரு டீகூடக் குடிக்கவில்லை. விட்டுவிட்டுப் போக மனசு வராமல் நானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

நான்கு மணிக்குக் கேட்டைத் திறந்தார்கள். கூடையும் பிளாஸ்க்குமாக எல்லோரும் உள்ளே போனார்கள். அவர் எழுந்திருக்கவில்லை. வெகு நேரம் கழித்து என் கையைப் பிடித்துக்கொண்டு, “நல்லாத்தான பாய் நடந்து போனா?” என்று கேட்டார்.

நான் பார்க்கவில்லை. ஆனாலும், ஆமாண்ணே, நல்லாத்தான் போனாங்க என்று சொன்னேன்.