திரைக்குப் பின்னால் போன அம்மா

பரமட்டா ரயிலில் எனக்கு முன்னால் இருந்த செக் நாட்டுக்காரர் ஒரு கடிதத்தை மடித்தபடி, பக்கத்திலிருந்த வெள்ளைக்காரச் சிநேகிதரிடம் இங்கிலிஷில் சொன்னார்:

“எலெக்‌ஷனில எங்கட அம்மா திரைக்குப் பின்னால போயிட்டாவாம்.”

“வோட்டுப் போட அங்கதானே போறது?”

“உங்கட ஊரில. எங்கட ஊரில கம்யூனிஸ்ட் கட்சி தாற ஒரே பட்டியலை எல்லாரும் பாக்கப் பெட்டிக்குள்ள போடவேணும். திரை சும்மா பேருக்கு. உள்ள போனால், கட்சியின்ர பேரை வெட்டினதெண்டு அதிகாரியள் குறிச்சு வைப்பாங்கள். தங்கச்சியின்ர மகள் யூனிவர்சிட்டிக்கு எழுதிப்போட்டு இருக்கிறாள். இனி அவளுக்கு இடம் குடுக்கமாட்டாங்கள்.”

“அம்மா ஆற்ற பேரை வெட்டினவ?”

“ஒருத்தரையும் இல்லையப்பா. நீளச் சொக்ஸ் கழண்டுபோச்சாம். ஆம்பிளையளுக்கு முன்னால இழுத்துவிட வெக்கப்பட்டு ஒதுங்கினவ. இதை ஆர் நம்புவாங்கள்?”

சிநேகிதர் சிரிக்கத் தொடங்கி, அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டார். அந்தப் பிள்ளைக்காக நான் மனதுக்குள் முருகனைக் கும்பிட்டேன்.