சாக்கடை மேல் போட்ட இரும்பு மூடி

கம்பம் போகும் பஸ்ஸின் பின்பக்கத்தில் அன்று நாலே பேர்தான் இருந்தோம்: கண்டக்டர், மடியில் வயர்கூடை வைத்திருந்த ஓர் அம்மா, அவரை மதினி என்று கூப்பிட்ட இன்னொரு பெண், அவர்களுக்குப் பின் சீட்டில் நான்.

"யாரு மேல புகார் எழுதிக் குடுத்தேனோ, அவுகளே எம் மகளுக்கு வழி போட்டுக் குடுத்துட்டாக" என்றார் கூடைக்கார அம்மா.

"யாரு மதினி, ராத்திரியெல்லாம் இரும்பு தட்டுறாகன்னு சொல்வீகளே, அந்த வெல்டிங் பட்டறைக்காரரா?"

"அவுகதான். தெருமுக்குல சாக்கடை மூடி உடைஞ்சு கெடந்துச்சுல்ல? ஆட்டோகூட உள்ள வராது. மகளுக்கு இது ஒம்பதாம் மாசம். திடீர்னு வலி வந்தா ஆம்புலன்ஸ் எப்படி வரும்னு எனக்குத் தூக்கமே இல்ல."

ஆம்புலன்ஸ் என்றதும் நானும் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு காது கொடுத்தேன்.

"பெறகு?"

"குழாயடியில பொலம்புனேன். அன்னைக்குச் சாயங்காலமே தெருவே கூடிருச்சு. எதுத்த வீட்டுக் கொத்தனாரு சாக்கடைக்கு ரெண்டு பக்கமும் செவுரு கட்டிக் குடுத்தாக. பட்டறைக்காரரு இரும்புலயே மூடி அடிச்சுப் போட்டாக. இட்லிக்கடைக்காரி அத்தன பேருக்கும் சாப்பாடு கொண்டாந்தா. நேத்து ஆட்டோ வந்து எங்க வாசல்ல நிக்குது! அழுதுட்டேன்."

எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.

"அப்ப இனிமே புகார் எழுத மாட்டீகளாக்கும்?"

"ஏன் எழுதாம? ராத்திரியில தட்டுனா எழுதத்தான் செய்வேன். ஆனா பட்டறைக்காரரு கூலி வேணாம், இரும்புக் காச மட்டும் தெருவாப் பிரிச்சுக் குடுங்கன்னாகளே. எம் பங்கு பாக்கிய மொதல்ல குடுத்துட்டுல்ல எழுதணும்?"

"எவ்வளவு?"

"அறுநூறு ரூவா."