வெளிச்ச சென்சாருக்குத் தனிப் பிரிவு எதுக்கு?

ஹலோ... ஆங், சுகுமாரன்தான். யாரு, மோகனாவா?... ஏய், மெதுவா பேசு, ஒண்ணும் வெளங்கல. செவந்திக்கு என்னாச்சு?... மொட்டே விடலயா? ஒரு செடி கூடவா?

சரி... சரி சரி... மலையில, கோலா தெர்லாவுல உங்கப்பா பூத்தோட்டத்துல நம்ம பெட்டிய மாட்டுனது சும்மா டெஸ்டுக்குத்தானே. பகல்ல மப்பு போட்டா வெளக்கு தானா எரியும், தானா அணையும்னு அவருதானே ஆசைப்பட்டாரு... ஆமா. ஆமாலா! மொட்டு விடுற நேரத்துல ராத்திரி இருட்டா இருக்கணும், நானும் மலையில பொறந்தவன்தான், எனக்கு இதக் கூடவா சொல்லித் தரணும்?... தெனமும் விடிய விடிய எரிஞ்சிச்சா? உங்கப்பா கண்ணு என்ன பண்ணிச்சு? எந்திரிச்சுப் போயி அணைக்க வேண்டியதுதானே?... ஓ... "என் மக செஞ்ச பெட்டி, அதுக்குத் தெரியும்"னு தொடாம விட்டுட்டாரா... இல்ல இல்ல, சிரிக்கல. இருமுனேன்.

என்னது?... யாரு, நானா? பெட்டியோட கெர்னல் சாப்ட்வேர்ல வெளிச்ச சென்சார் டிரைவர் புரோகிராம கீபோர்டு, மவுஸ் இருக்கிற இன்புட் பிரிவுல போடச் சொன்னேனா? எப்ப?... மீட்டிங்லயா... "சென்சாரு பட்டன் இல்ல சார், யாரும் அமுக்க மாட்டாங்க, அதுக்குத் தனிப் பிரிவு வேணும்"னு நீ கத்துனது ஞாபகம் இருக்கு. "தனி ரூம் போதுமா, ஏர்கோனும் வேணுமா"ன்னு நான் கேட்டேன், எல்லாரும் சிரிச்சாங்க. அதுவும் ஞாபகம் இருக்கு... ஆமா, இன்புட் என் பொறுப்புதான். என் பிரிவுல இருக்கட்டும்னு நெனச்சேன். அதுக்கு?

ம்... ம்... அதான் தெரியுமே. இன்புட்ல அளவு மாறுனாத்தான் சேதி வரும், மாறலன்னா அது வாயத் தொறக்காது. ராத்திரி சென்சாரு இருக்கிற கூரைக்கு மேல இருட்டு இருட்டாவே கெடக்கு, சேதியே இல்ல. பெட்டி சென்சாரு செத்துப்போச்சுன்னு நெனச்சு வெளக்கப் போட்டுருச்சு... சரிலா, போடட்டும். "சென்சாரு செத்தா வெளக்கப் போடு"ன்னு எழுதுனது யாரு? நீதானே?... எந்த எடத்துல வைக்கச் சொன்னாலும் யோசிச்சு எழுதணும்மா. மூள இருக்குல்ல?

அழாத. எரிச்சலா வருது.

கேளு... கேளுன்றேன்! நாளைக்கு எஸ்டேட் துரை வராரு, தேயில நாத்துக்கு நம்ம பெட்டி சரிப்படுமான்னு பாக்க. அதுக்குள்ள டிரைவர தனிப் பிரிவுக்கு மாத்தி எழுது... ஆமா, நீ சொன்ன அதே பிரிவுதான். சந்தோஷமா? ஆனா என் பேர்ல அனுப்பு... ஏன்னா? உன் பேருக்கு இப்ப என்ன மருவாத இருக்கு? பெத்த அப்பன் பூவையே நாசம் பண்ணவ!

என்ன, முடியாதா?... "மொதல்ல அப்பாகிட்ட நடந்ததச் சொல்லுங்க"... ஓ, எனக்கே கண்டிஷனா. பக்கத்துலதான் நிக்கிறாரா? குடு. குடும்மா, நானே சொல்றேன்.

வணக்கம் காளியண்ணன் ஐயா! சுகுமாரன் பேசுறேன், மோகனா எனக்குக் கீழதான் வேல பாக்குது... ஆமாங்கய்யா... அடடா, பூ வாங்குற தவுக்கே லோரிய அனுப்ப மாட்டேன்னுட்டாரா... கேக்கவே மனசுக்குக் கஷ்டமா இருக்குங்கய்யா. உங்ககிட்ட மறைக்கக் கூடாது. எல்லாம் உங்க மக செஞ்ச தப்புதான். அந்த எடத்துல வைக்காதம்மான்னு நான் தலபாடா அடிச்சிக்கிட்டேன். எங்க கேட்டுச்சு? நாலு பேரு முன்னாடி என்னையே எதுத்துப் பேசிச்சு... என்னங்கய்யா சத்தம்? கத்துதா? கத்தட்டும், தப்பு பண்ணவங்க அப்படித்தான் கத்துவாங்க...

ஆமா... ஆமா... பெரியவங்க, உங்களுக்குத் தெரியாததா... என்னங்கய்யா?... இல்லலா, நான் வேலய விட்டுத் தூக்கலியே... நீங்களா? நாளையிலேருந்து அனுப்ப மாட்டீங்களா?... ஐயா, இருங்க. கொஞ்சம் இருங்க. கோவத்துல முடிவு பண்ணாதீங்க. புள்ள நல்ல புள்ளதான்... பொய் இல்லங்கய்யா... இன்னிக்கு மட்டும் ஒக்காந்து அத எழுதிக் குடுத்துட்டா... வேற ஆளு யாரும் இல்லங்க...

நானா? எனக்கு... ஐயா, எனக்கு அத எழுதத் தெரியாதுங்க... ஹலோ?... மோகனா?... ஹலோ?