எரியாத விறகுக்கட்டு

கருக்குவிளையில் வேதக்கோவிலுக்கு ஓடு வராத காலம். மணியும் வரவில்லை, தொங்கவிட்ட இரும்புத் துண்டைத் தட்டித்தான் சபையைக் கூட்டுவார்களாம். தேரிச் செம்மணலையும் பனையையும் தவிர ஊருக்கு வேறு சொத்து கிடையாது. அந்தக் காலத்தில் நடந்தது இது. என் தாயார் அவருடைய தாயாரிடம் கேட்டார். நான் என் தாயாரிடம் கேட்டேன். நான் ஒன்றும் கூட்டவில்லை, ஒன்றும் குறைக்கவுமில்லை.

அடுப்பு அணைகிறதே, வேலியில் சாய்ந்து கிடக்கும் அந்த விறகுக்கட்டை ஏன் எடுக்கக்கூடாது என்று கேட்டது நீதானே? கேள்வி நல்ல கேள்வி. கேட்ட விதம்தான் சரியில்லை. உட்கார். அசனத்துச் சோறு வேக நேரமிருக்கிறது. எல்லாரும் காலை மடக்கிக்கொள்ளுங்கள். நடுவில் பேசக்கூடாது.

அந்தக் கருக்குவிளையில் கொம்பையா என்று ஒரு பனையேறி இருந்தான். நல்ல ஏற்றுக்காரன், அதைவிட நல்ல குடிகாரன் என்பார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்ன தோன்றிற்றோ, கோவிலுக்கு வந்து கடைசிப் பாயில் உட்கார்ந்தான். வந்தவன் கள்ளின் வாடையோடு வந்தான். உபதேசியார் பிரசங்கத்தை நிறுத்தினார்.

“கொம்பையா, இது உன் வாய் நாத்தத்துக்கான இடமில்ல. எந்திரிச்சு வெளிய போ.”

சபை சிரித்தது. கொம்பையா எழுந்து போனான். அந்த வாரமே, பங்குனி வெயிலில் காய்ந்து கிடந்த கோவில் கூரையில் தீயை வைத்தான். ஓலைக்குத் தீ போதாதா? கோவில் எரிந்தது. காற்று திரும்பி, பக்கத்துக் குடிசையும் எரிந்தது. அந்தக் குடிசை ஞானப்பூ அம்மாளுடையது. தொழுவில் சினைப்பசு ஒன்று கட்டியிருந்தது. அவிழ்க்க ஆளில்லை. கொம்பையா அன்றே ஊரைவிட்டு ஓடிப்போனான்.

ஞானப்பூ அம்மாள் யார் என்றால், கணவன் பனையிலிருந்து விழுந்து இறந்தபின், ஆடு வளர்த்துத் தனியாக நிமிர்ந்தவர். பிள்ளை கிடையாது. அவர் அழுது பார்த்தவர்களும் கிடையாது. வீட்டை மறுபடி கட்டினார். கோவிலை மறுபடி வேய ஓலை கொடுத்தார். ஆனால் பசுவை மறக்கவில்லையாம். எதைப் பேசினாலும் கடைசியில் பசுவில் வந்து நிற்பாராம்.

இனி அசனத்துக்கு வருகிறேன். அறுப்பு முடிந்ததும் சபையார் கூடிச் சமைத்து, கூடி உண்பதுதான் அசனம். அன்றும் அப்படித்தான். ஆனால் அதில் நம் முன்னோர் ஒரு முறையை நுழைத்துவிட்டார்கள். சபை மூப்பர் சுவிசேஷமுத்து கோவில் வாசலில் நின்று, ‘இன்னார் வீட்டு அரிசி, இன்னார் வீட்டுப் பருப்பு’ என்று உரக்கச் சொல்லுவார். அதிகம் கொடுத்தவருக்கு முதல் இலை. குறைத்துக் கொடுத்தவருக்குக் கடை இலை. ஒன்றும் இல்லாதவர்கள் வரமாட்டார்கள். வெட்கத்தில் வீட்டிலேயே பட்டினி கிடப்பார்கள். காலையில் கிருபையைப் பற்றிப் பிரசங்கம் கேட்டார்கள். மத்தியானம் கொடுத்ததை அளந்து இலை போட்டார்கள். ஒருவருக்கும் அது உறுத்தவில்லையாம். ஆண்டுதோறும் கிடா கொடுத்தவர் ஞானப்பூ அம்மாள். ஆகவே ஆண்டுதோறும் முதல் இலை அவருக்கு. அதில் அவருக்குப் பெருமையும் உண்டு.

ஆண்டுகள் போயின. மழை தப்பியது, பனை சுரக்கவில்லை. அசனத்துக்கு மட்டும் எப்படியோ அரிசி சேர்ந்தது, விறகு சேரவில்லை. பந்தி விரித்தாயிற்று. ஞானப்பூ அம்மாள் முதல் இலையில் உட்கார்ந்தாயிற்று. அப்போது வேலிக்கு வெளியே ஒருவன் வந்து நின்றான். எலும்பும் தோலுமாக நின்றான். தலையில் ஒரு கட்டு உடைமர விறகு.

யாரோ அடையாளம் கண்டு கத்தினார்கள். “ஏல, இது கொம்பையாலா!”

அப்புறம் கேட்க வேண்டுமா?

“என்னலே, போன தடவ வெறும் ஓலையோட நிறுத்திட்டமேன்னு இப்ப கட்டையே கொண்டாந்திட்டியா?”

“கூர புதுசு கொம்பையா, நல்லா எரியும்!”

சிரித்தவர்கள் சிரித்தார்கள். கம்பு எடுத்தவர்கள் எடுத்தார்கள். கொம்பையா அசையவில்லை.

“சும்மா கேக்கல. விறகு கொண்டாந்திருக்கேன். கடைசியா ஒரு இலை போடுங்க. ரெண்டு நாளா பச்சத்தண்ணிதான்.”

சமையல் பார்த்தவர் அங்கிருந்தே கூவினார்: “யார் விறகானா என்னய்யா? அடுப்பு அணையுது, வாங்கிப் போடுங்க!”

மூப்பர் தாடியைத் தடவினார். “விறகை வாங்கிக்கிடுவோம். சோத்தைப் பனம்பட்டையில வச்சு வேலிக்கு அந்தப் பக்கமே கொடுத்திருவோம்.”

உபதேசியாருக்கு அன்று சிரித்த சபை நினைவில் இருந்திருக்க வேண்டும். தணிந்த குரலில் சொன்னாராம். “ஒரு வருஷம் கோவிலைக் கூட்டித் தண்ணி எடுத்து ஊத்தட்டும். மனசு திரும்பினது தெரிஞ்சா, அடுத்த அசனத்துக்கு உள்ளே இலை போடலாம்.”

நியாயமான பேச்சு. நீங்களும் நானும் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்போம். கொம்பையாவும் தலையாட்டினான். “கூட்டுதேன் ஐயா. இன்னும் பத்துக் கட்டு கொண்டாரச் சொன்னாலும் கொண்டாரேன்.”

அப்போதுதான் ஞானப்பூ அம்மாள் இலையைவிட்டு எழுந்தார். பந்தி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பசுவுக்குக் கணக்குத் தீர்க்கப் போகிறார் என்றே எல்லாரும் நினைத்தார்கள். அவர் நேரே வேலிக்குப் போனார்.

“கொம்பையா, என் பசு எப்படிச் செத்துதுன்னு தெரியுமா?”

“தெரியும் மயினி.”

“தெரியாது. கயிறு கழுத்த அறுக்கிற மட்டும் இழுத்திருக்கு. நான் வந்து பார்த்தேன். இந்தக் கட்டு அதுக்கு ஈடாவுமா?”

“ஆவாது.”

“பத்துக் கட்டு?”

“ஆவாது.”

“இந்தக் காட்டையே வெட்டிக் கொண்டாந்தா?”

“ஆவாது மயினி.”

“பெறகு எதுக்கு அதச் சுமந்துக்கிட்டு நிக்க? கீழ போடு.”

கொம்பையாவுக்கு விளங்கவில்லை. “போட்டா வெறுங்கையோடல்லா வரணும்?”

“அதுக்குத்தான் போடச் சொல்லுதேன். விறகோட வந்தா நீ கூலிக்காரன். கூலிச் சோறு வேலிக்கு வெளியதான். வெறுங்கையா வா. முதல் இலையில உக்காரு. அது என் இலை. உனக்குத் தாரேன்.”

சபை கொதித்தது. மூப்பர் சுவிசேஷமுத்து முன்னால் வந்தார்.

“ஞானப்பூ, ஊருல எத்தன நல்லவன் பசியோட கெடக்கான்? அவனையெல்லாம் விட்டுட்டு இவனை ஏன் கூப்பிடுத? இவங்கிட்ட என்ன கண்ட?”

“ஒண்ணும் காணல. உம்மள ஆண்டவர் தெரிஞ்சுகிட்டாரே, உம்மகிட்ட என்ன கண்டாரு? சொல்லும்.”

மூப்பர் வாயைத் திறந்தார். “எங்க அப்பா காலத்துலயே நாங்க...”

“உங்க அப்பா மொத உபதேசியார் தலையில சாணித் தண்ணிய ஊத்தினவரு.”

பந்தியில் யாரோ சிரித்துவிட்டார்கள். மூப்பரின் மனைவிதான் என்று சொல்லுவார்கள்.

“எங்கிட்டயும் ஒண்ணும் இல்ல மூப்பரே,” என்றார் ஞானப்பூ அம்மாள். “நாம நல்லவங்கன்னு பாத்துக் கூப்பிடல. கூப்பிட்டதுக்குக் காரணம் கூப்பிட்டவருகிட்ட இருக்கு. தகுதி பாத்து இலை போட்டா, இந்தப் பந்தியில நாய்தான் வந்து திங்கும்.”

“அப்ப மத்தவங்க கதி?”

“வேலி அந்தா இருக்கு. நீரு வெளிய போயி அவங்களையும் கூப்பிடும். கூப்பிடுதது நம்ம வேலை. யார விட்டுரலாம்னு பாக்கது நம்ம வேலை இல்ல.”

மூப்பர் திரும்பி வேலியைப் பார்த்தார். அதற்குள் கொம்பையா குறுக்கிட்டான். எலும்பும் தோலுமாக நின்றவனுக்கும் வீறாப்பு வற்றவில்லை.

“வெறுங்கையா வந்து திங்க நான் என்ன பிச்சக்காரனா?”

“பிச்சக்காரன் கேட்டு வாங்குவான். முதல் இலையை நீ கேக்கல. கேக்காதவனைத்தான் நான் கூப்பிடுதேன். ஒனக்கு வயிறு காயுது, இன்னும் தல வணங்கல. உன் இஷ்டம். இலை அங்கதான் கெடக்கும்.”

சொல்லிவிட்டு அவர் திரும்பவில்லை. அங்கேயே நின்றார்.

பாருங்கள், கொம்பையாவுக்கு வந்த சோதனை இதுதான். அடியை வாங்கியிருப்பான். ஒரு வருஷம் கூட்டியிருப்பான். பத்துக் கட்டு வெட்டியிருப்பான். சும்மா வா என்றால் மட்டும் வர முடியவில்லை. வேலியைக் கடந்து, கட்டோடு அடுப்பை நோக்கி நடந்தான். அம்மாள் குறுக்கே நின்றார்.

“அடுப்புல வச்சா, சோறு உன் விறகுல வெந்ததா ஆயிரும்.”

“ஐயோ, அடுப்பு அணையுது தாயி!” என்றார் சமையல்காரர்.

“என் வீட்டு வாசல் படலைப் பிடுங்கிட்டு வந்து வையும்.”

வாசல் படலை யாராவது அடுப்பில் வைப்பார்களா? வைத்தார்கள். பிடுங்கிக்கொண்டு வந்து ஒடித்து வைத்தார்கள். அது எரிகிறதைக் கொம்பையா பார்த்துக்கொண்டே நின்றானாம். தான் எரித்த வீட்டுக்காரி, கட்டிய புது வீட்டின் கதவையும் தன் சோற்றுக்காக எரிக்கிறாள். தலைச்சுமை அப்போதுதான் கனத்தது போலும். திரும்பி வேலி வரை போனான். கட்டை இறக்கி வேலியில் சாய்த்தான். இரண்டு கையையும் வேட்டியில் துடைத்துக்கொண்டு, வெறுங்கையோடு வந்து முதல் இலையில் உட்கார்ந்தான்.

சோற்றை அம்மாளே பரிமாறினார். அவன் கையை வைக்காமல் குனிந்திருந்தான்.

“தின்னு. ஆறுது.”

அவ்வளவுதான் சொன்னார். தின்னும்போது அழுதான் என்பார்கள். கறியில் காரம் அதிகம் என்றும் சிலர் சொல்லுவார்கள். ஞானப்பூ அம்மாள் கடைசி இலையில் போய் உட்கார்ந்தார். அன்று மூப்பர் சாப்பிடவில்லை. பந்தி முடிகிறபோது எங்கோ போயிருந்தவர், வெட்கத்தில் வீட்டிலேயே கிடந்த இரண்டு குடும்பங்களைக் கூட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். அவர்களோடு உட்கார்ந்துதான் தின்றார்.

மறுநாள் அந்தக் கட்டை எடுத்து எரிக்க வந்தவர்களை அம்மாள் விரட்டினார். “அது கெடக்கட்டும். கரையான் திங்கட்டும். அவன் எத விட்டுட்டு உள்ள வந்தான்னு நம்ம பிள்ளைங்க பாக்கணும்.”

அவர் வீட்டுக்கு அதன்பின் படல் வைக்கவே இல்லை. கொம்பையா குடியை விட்டார். உடனே விட்டார் என்று சொன்னால் பொய். விழுந்து விழுந்து எழுந்துதான் விட்டார். ஞானஸ்நானம் பெற்றார், கலியாணம் செய்தார். பனையேற்றம் உள்ளவரை ஆண்டுதோறும் கோவில் கூரையை அவர்தான் வேய்ந்தார். எரித்ததற்கு ஈடா என்று ஒரு புது உபதேசியார் கேட்டபோது, “ஈடு கட்ட முடியாதுன்னு எனக்கு எப்பவோ சொல்லிட்டாவ. இது எங்க வீட்டுக் கூரை, ஒழுகுது, வேயுதேன்,” என்றாராம். ஞானப்பூ அம்மாள் மட்டும் கடைசிவரை பசுவைப் பற்றிப் பேசுவதை நிறுத்தவில்லை. மன்னித்தவள் மறந்தாக வேண்டும் என்று யார் சொன்னது?

அன்றிலிருந்து கருக்குவிளை அசனத்தில் யார் என்ன கொடுத்தார் என்று வாசலில் சொல்லுகிற வழக்கம் இல்லை. முதலில் வெட்டுகிற விறகுக்கட்டை வேலியில் சாய்த்து வைப்பார்கள். அடுப்பே அணைந்தாலும் அதைத் தொடமாட்டார்கள். மூப்பர் வெளியே போய், ஒன்றும் கொண்டுவராத ஒருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வந்து முதல் இலையில் உட்கார்த்துவார். அதற்கு ‘கொம்பையா இலை’ என்றே பெயர்.

இதையும் கேட்டுக்கொள்ளுங்கள். இந்தக் கதையைக் கேட்கிற பிள்ளைகள், நாம் ஞானப்பூ அம்மாள் வம்சம் என்று நிமிர்ந்து உட்காருகிறார்கள். நானும் சிறு வயதில் அப்படித்தான் உட்கார்ந்தேன். அம்மாளுக்குப் பிள்ளை இல்லை என்று ஆரம்பத்திலேயே சொன்னேன். கவனித்தீர்களா? நாம் கொம்பையா வழி. வேலிக்கு வெளியே நின்றவரின் பேரப்பிள்ளைகள். எனக்குப் பெருமை இல்லையா என்றால், நிறைய உண்டு. ஆனால் அது நாம் கொண்டுவந்ததைப் பற்றிய பெருமை இல்லை.

அதோ, மூப்பர் வெளியே போகிறார். எழுந்திருங்கள், கை கழுவுங்கள். யார் வந்தாலும் நகர்ந்து இடம் கொடுங்கள்.