அட்டைக்காரனின் முகம்

தரை துடைக்கும் மாப்பின் நூல்களை வெட்டி முகவாயில் ஒட்டிக்கொண்டால் மந்திரவாதிக்குத் தாடி தயார். குளியல் துண்டைத் தோளில் போட்டால் அரசன். என் வீடியோக்களில் வரும் ஐந்து பேரும் நான்தான், மேடம். காமிராவைப் பார்த்து ஒருவனாகப் பேசுவேன். எழுந்துபோய் விக்கை மாற்றிக்கொண்டு வந்து எதிர் நாற்காலியில் இன்னொருவனாகப் பதில் சொல்வேன். முடிவில் 'எல்லா வேஷமும் கர்ட்' என்று எழுத்து வரும். மந்திரவாதி சோபாவுக்கடியில் பகடை தேடும் இடத்தில் நீங்கள்கூடச் சிரித்தீர்களாம். வெளியே நிற்கும் உங்கள் ஆள் சொன்னார். சந்தோஷம்.

விளையாட்டு புரியவில்லை என்றீர்கள். சுலபம்தான். சனிக்கிழமை மதியம் என் மேஜையைச் சுற்றி உட்காருவோம். நான் கதை சொல்வேன், மற்றவர்கள் ஆளுக்கொரு வீரன். "முன்னால் குகை, உள்ளே உறுமல், என்ன செய்கிறாய்?" என்பேன். அவர்கள் சொல்வார்கள், பகடை உருளும், பிழைத்தானா செத்தானா என்று தெரிந்துவிடும். மேஜை நடுவில் சிவப்புப் பெருக்கல் குறி போட்ட அட்டை ஒன்று கிடக்கும். கதை யாருக்காவது தாங்க முடியாமல் போனால் அதைத் தட்டலாம். உடனே நிறுத்திவிட்டு வேறு வழியில் போகவேண்டும். ஏன் தட்டினாய் என்று யாரும் கேட்கக்கூடாது. பல குழுக்களில் இந்த வழக்கம் உண்டு. எங்கள் குழுவுக்கு அதைக் கொண்டுவந்தவனே நான்தான்.

நெல்ஸ் அதை முதலில் தட்டியது ஒரு பாதாள ஆற்றில். அவன் வெயில் காயும் அரிசோனாவிலிருந்து அக்காவோடு விஸ்கான்சினுக்குக் குடிவந்தவன். ஏரி உறைந்து அதன்மேல் லாரி போவதைப் பார்த்து வாயைப் பிளந்தவன். அவனுடைய வீரன் மூழ்கிக்கொண்டிருந்தான். நெல்ஸ் விரித்த கையால் அட்டையைத் தட்டினான். நான் அந்த நொடியே ஆற்றை வற்ற வைத்தேன். ஏன் என்று கேட்கவில்லை.

ஆனால் அந்தக் கை மனதிலேயே நின்றுவிட்டது. அந்த வாரமே கம்பளித் தொப்பி ஒன்றை மாட்டிக்கொண்டு புது ஆள் ஒருவனை உண்டாக்கினேன். காபி ஆறிவிட்டதா, அட்டையைத் தட்டுவான். பூனை முறைத்ததா, தட்டுவான். அதுவரை ஈயோட்டிக்கொண்டிருந்த என் வீடியோக்களுக்குக் கூட்டம் வந்தது. 'அட்டைக்காரன் எங்கே?' என்று கேட்க ஆரம்பித்தார்கள். நெல்ஸும் பார்த்தான்.

"டேய், அது நான்தானே?"

"உன்ன மாதிரி ஒருத்தன்."

"சரி விடு. எனக்கும் ஒரு வேஷம் குடேன்டா. பொணமாவாவது படுத்துக்கிறேன்."

"இது ஒத்த ஆளு கடை, நெல்ஸ்."

அவன் சிரித்தான். கோபப்படத் தெரியாதவன்.

அவன் அக்கா மர்லா பேக்கரியில் வேலை பார்க்கிறாள். ரொட்டி வாங்கப் போனபோது அவளாகத்தான் சொன்னாள். "கதையில தண்ணி மட்டும் வேணாம் கர்ட். எங்க கடைசித் தம்பி கால்வாய்ல முழுகிப் போனப்ப இவன் கரையில நின்னு பாத்துக்கிட்டிருந்தான். பச்சப்புள்ள அப்ப." நான் கேட்கவே இல்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் என் கதையில் தண்ணீர் வந்தது. கிணறு, வெள்ளம், ஓட்டைப் படகு. "போதும்டா கர்ட், அவன் மூஞ்சியப் பாரு" என்று ஒருவன் முணுமுணுத்தான். முகத்தைப் பார்க்கத்தான் நானும் முயன்றுகொண்டிருந்தேன். நெல்ஸ் தலையைக் குனிந்துகொண்டுதான் தட்டுவான். தட்டிய ஒவ்வொரு முறையும் நான் நிறுத்தினேன்.

பிறகு யாரோ ஒருவர் என் வீடியோவுக்குக் கீழே எழுதினார்: 'கை நடிக்குது, மூஞ்சி நடிக்கல.' சுருக்கென்றது. உண்மையாக இருந்ததால்தான் வலித்தது. கண்ணாடி முன்னால் நின்று பார்த்தேன். அங்கே பயம் இல்லை, பயந்த மாதிரி ஒரு கர்ட்தான் இருந்தான்.

நெல்ஸுக்குப் போன் போட்டேன். "வேஷம் ஒண்ணு இருக்கு, ஏரிக்கு வா" என்றேன். கம்பி வளையங்களைக் கோத்து அவனே பின்னிய இரும்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தான். கல்யாண மாப்பிள்ளை மாதிரி ஒரு பூரிப்பு.

"ஐஸ் தாங்குமாடா?"

"லாரியே போகுது. அந்த நாணல்கிட்டப் போய் நில்லு."

லாரி போவது எதிர்க்கரையில். நாணல் பக்கம் ஓடை வந்து கலக்கிறது, பனிக்கட்டி அங்கே கெட்டிப்படாது. எங்கள் ஊர்க் குழந்தைகளுக்கும் தெரியும். நெல்ஸ் எங்கள் ஊர்க்காரன் இல்லை.

நான் காமிராவை முடுக்கவில்லை, மேடம். அந்த நிலையில் ஒரு மனிதனைப் படம் பிடிப்பது அநாகரிகம். சும்மா நின்று பார்த்தேன். வண்டியில் கயிறு இருந்தது. இந்தப் பக்கத்தில் எல்லோரும் வைத்திருப்போம். எடுக்கப் போனால் முதுகைத் திருப்ப வேண்டியிருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து தொப்பியை மாட்டி ஒரே மூச்சில் நடித்து முடித்தேன். அன்று முழுக்க வீட்டில்தான் இருந்தேன் என்று உங்களிடம் சொன்னேன். தேவாலயத்தில் அவன் சவப்பெட்டி முன்னால் அழுதேன். அது நடிப்பில்லை, அவனை எனக்குப் பிடிக்கும்.

வீடியோ வெளிவந்ததும் மர்லா வந்தாள். கையில் ஒட்டிய மாவைக்கூடக் கழுவவில்லை.

"இந்த மூஞ்சிய நான் ஒரே ஒரு தடவதான் பாத்திருக்கேன். கால்வாய்க் கரையில, நெல்ஸ்கிட்ட. நீ எங்க பாத்தே?"

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவளுக்கு அது போதுமாயிருந்தது, நேரே உங்கள் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டாள். அவள் மேல் எனக்கு வருத்தமில்லை. என் நடிப்பை இதைவிட யாரும் பாராட்டியதில்லை.

கடைசி நேரத்தைக் கேட்டீர்கள். அவன் கத்தவில்லை, மூச்சு வரவில்லை போலும். சட்டை கீழே இழுத்தது. ஒரு கையால் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, மறு கையை விரித்து, என்னையே பார்த்தபடி பனிக்கட்டியைத் தட்டினான். சனிக்கிழமைகளில் தட்டுவது போலவேதான். திரும்பத் திரும்பத் தட்டினான்.

ஏன் தட்டுகிறாய் என்று நான் கேட்கவில்லை. எங்கள் மேஜையின் விதியை நான் ஒருநாளும் மீறியதில்லை.