கனவில் எடுத்த அளவு

— நாளைக்குத் தையல் பரீட்சைய வச்சுக்கிட்டு இம்புட்டுக்காணு கவுனை யாருக்குடி தச்சிருக்க, சொர்ணலதா? பொம்மைக்கா?

— தங்கச்சிக்கு, ஷர்மின்.

— எந்தத் தங்கச்சி? அகதி முகாம்ல நீயும் உங்கம்மாவும் மட்டும்தானடி?

— ஊரில இருக்கிறாள். தர்சினி. மன்னாரில சின்னம்மாவோட விட்டிட்டு வந்தனாங்கள். அப்ப அவளுக்கு நாலு வயசு.

— நீங்க வந்தே அஞ்சு வருசமாச்சு! இந்தக் கவுனு இப்ப அவ தோளத் தாண்டுமா? கிருபாவதி டீச்சர் என்ன சொன்னாக? நெசமான ஆளுக்குத் தைக்கணும், அளவு சரியா நிக்கணும், அப்பத்தான் பாஸு, இலவசத் தையல் மிஷினுன்னு சொன்னாகளா இல்லையா?

— சொன்னவ.

— மிஷினு வந்தா அம்மாவ நிப்பாட்டிரலாம்னு சொன்னவளும் நீதான். காமயகவுண்டன்பட்டித் தோட்டத்துல திராட்சைக்கு மருந்தடிச்சு மருந்தடிச்சு எப்பிடி இருமுறாக பாவம்.

— ஓம். அதுக்காகத்தானே படிக்க வந்தனான்.

— பெறகு? அளவு எங்கன எடுத்தேன்னுதான் மொதக் கேள்வியே கேப்பாக. எங்கன எடுத்த?

— சொன்னால் சிரிப்பாய்.

— அல்லா மேல ஆணையாச் சிரிக்க மாட்டேன்.

— கனவில.

— அடி ஆத்தா!

— மெய்யா, ஷர்மின். தையல் பழக வந்த நாளில இருந்து வாறாள். நான் டேப்போட நிக்கிறன். கைய விரியடி எண்டால் விரிக்கிறாள். கழுத்தில வைச்சால் கூசுது எண்டு நெளியிறாள். தலை எப்பவும் ஈரமா இருக்கும். துடைச்சு விட்டிட்டுத்தான் அளவெடுப்பன். விடிய எழும்பினாலும் அளவு மறக்கிறேல்ல.

— மழைல நனைஞ்சு வந்திருப்பா. எனக்குக் கனவுல வர்றதெல்லாம் எங்கத்தா கடைப் பிரியாணிதான்.

— பார், சிரிக்கிறாய்.

— இல்லடி தங்கம், புல்லரிக்குது. ஆனா கனவுலகூட அவ வளரலையா?

— இல்லை. ஒவ்வொருக்காலும் அதே அளவுதான்.

— சரி விடு, எங்கக்கா மக ரெஹானாவுக்கும் நாலு வயசுதான். போட்டுவிட்டு நாளைக்குக் கூட்டிட்டு வாரேன். அளவு அவளோடதுன்னு சொல்லிரு.

— வேண்டாம். இது தர்சினின்ர சட்டை.

— வீம்பப் பாரு! அப்ப ஒண்ணு செய்வோம். அங்கனதான் சண்டை நின்னுபோச்சாமே. கம்பம் பஸ் ஸ்டாண்டு பூத்துல இருந்து சின்னம்மாவுக்கு ஒரு போனப் போடு. இப்ப உள்ள அளவக் கேளு. துணிக்கு நானாச்சு. சாயங்காலம் முகாம்ல பேர் கூப்பிடுறதுக்குள்ள வெட்டிரலாம், ரெண்டு பேருமா உக்காந்தா விடியறதுக்குள்ள தச்சிரலாம்.

— போன் எடுக்க வேண்டாம்.

— ஏன்டி? தங்கச்சி குரலைக் கேக்க ஆசையில்லையா?

— ஆசை இல்லாமல் இருக்குமோ?

— நம்பர் இல்லையா?

— இருக்கு. சின்னம்மா இடைக்கிடை எடுத்துக் கதைக்கிறவ. அம்மா நெல்லு, ஆடு, மழை எல்லாம் கதைப்பா. தர்சினிய மட்டும் ஒருநாளும் கேக்கிறேல்ல.

— பெத்த பிள்ளையவா கேக்க மாட்டாக?

— ஊரில விட்டிட்டு வந்தம் எண்டுதான் எல்லாரிட்டையும் சொல்லுறா. கேட்டுக் கேட்டு நானும் அப்பிடியே சொல்லப் பழகிட்டன்.

— அப்ப அவ மன்னார்ல இல்லையா? எங்கனடி இருக்கா?

— அவளும் எங்களோட கடல் கடக்க வள்ளத்தில ஏறினவள், ஷர்மின். கரையில இறங்கினது நானும் அம்மாவும்தான்.